பல ஊர்ப் பிள்ளைகள், ஒரே மெஸ்: கல்லூரி வளாகத்தில் பன்மையும் சமவாய்ப்பும் குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டில் ஒரு பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்திக்கொண்டே ஏழு ஆண்டு விடுதி வார்டனாகவும் இருந்தவன் நான். கலை நிகழ்ச்சிக் குழு, சமவாய்ப்புப் பிரிவு என்று வேறு யாரும் ஏற்காத பொறுப்புகளும் அவ்வப்போது என் தலையில் விழுந்தன. புதிதாக வார்டன் ஆனவர்கள், மாணவர் மன்றப் பிள்ளைகள், சில பெற்றோர் எனப் பலரும் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். சில கேள்விகளுக்கு ஒரு வரி போதும். சிலவற்றுக்குப் பொறுமை வேண்டும், மெஸ் பற்றியதற்குக் கூடுதலாகவே.

பண்பாட்டு நாள் நடத்தப்போகிறோம். மேடை, பேனர், ஒலிபெருக்கி எல்லாம் தயார். வேறென்ன வேண்டும்?

மேடையில் ஏறப்போகிறவர்களிடம் கேட்டீர்களா? முதல் ஆண்டு நான் கேட்கவில்லை. வடகிழக்கிலிருந்து வந்த நாலைந்து பேர் அப்போது எங்களிடம் படித்தார்கள். "நாகா நடனம்" என்று நிகழ்ச்சி நிரலில் அச்சடித்துவிட்டு, வாடகைக்கு ஒரு சால்வையும் எடுத்து வந்து ஒரு மாணவியிடம் நீட்டினேன். பிரித்துப் பார்த்தாள், மறுபடி மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டாள். அது வேறொரு பழங்குடியின் சால்வையாம். நாகாலாந்தில் பதினைந்துக்கும் மேற்பட்ட பழங்குடிகள் இருக்கிறார்கள். மொழியும் வேறு வேறு, சால்வையும் வேறு வேறு. நிறத்தையும் கோடுகளையும் பார்த்தே இன்னார் என்று சொல்லிவிடுவார்களாம். அது போகட்டும், அந்தப் பெண் திமாப்பூர் நகரத்தில் வளர்ந்தவள். நடனம் ஆடியதே இல்லை. தேவாலயப் பாடகர் குழுவில் பாடுவாள், கிடார் வாசிப்பாள். கடைசியில் கிடாரோடு மேடையேறி ஓர் ஆங்கிலப் பாட்டுப் பாடினாள். அச்சான நிரலில் "நாகா நடனம்" அப்படியே இருந்தது.

நம் ஊர்ப் பிள்ளை டெல்லிக்குப் படிக்கப் போய், "நீ தமிழ்தானே, ஒரு பரதநாட்டியம் ஆடு" என்று யாராவது சொன்னால் அவனுக்கு எப்படி இருக்கும்?

இதற்கு எளிய வழி ஒன்று உண்டு. மூன்று வாரம் முன்னாலேயே அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டுங்கள். மேடையா, சமையலா, கோலமா, விளக்கு கட்டும் வேலையா, ஒன்றும் வேண்டாமா என்று கட்டங்கள் போடுங்கள். "ஒன்றும் வேண்டாம்" என்ற கட்டம் கட்டாயம் இருக்க வேண்டும். எங்கள் விடுதியில் அதில் டிக் அடித்த சிலர் அன்றைக்கு முன்வரிசையில் உட்கார்ந்து விசில் அடித்தார்கள்.

எந்தத் தேதியில் வைக்கலாம்?

என்னைக் கேட்டால் ஏப்ரல் 14ஐ ஒட்டிய ஒரு மாலை. தமிழ்ப் புத்தாண்டு, கேரளத்தில் விஷு, அசாமில் ரொங்காலி பிஹு, பஞ்சாபில் பைசாகி, வங்கத்தில் பொய்லா பொய்ஷாக், ஒடிசாவில் பணா சங்கராந்தி என்று எல்லாம் ஓரிரு நாள் இடைவெளியில் வந்துவிடும். சூரியன் மேஷ ராசிக்குள் நுழையும் கணக்குதான் இத்தனைக்கும் அடிப்படை. இலங்கையில் சிங்களவரும் தமிழரும் ஒரே நாளில் புத்தாண்டு கொண்டாடுவதும் இதே கணக்கில்தான். ஒடியாப் பிள்ளைகள் அன்று தரும் "பணா"வைக் குடித்துப் பாருங்கள். வில்வப் பழமும் வெல்லமும் போட்டது. நம் பானகத்துக்கும் அதற்கும் உள்ள உறவைப் பெயரே சொல்லிவிடும்.

இன்னொரு காரணமும் இருக்கிறது. அன்று அம்பேத்கர் பிறந்த நாள். 2022 முதல் தமிழ்நாடு அரசு அதைச் சமத்துவ நாளாகக் கடைப்பிடிக்கிறது. மேஷ ராசிக் கணக்கில் புத்தாண்டு இல்லாத முஸ்லிம், கிறிஸ்தவ மாணவருக்கும் அந்த மாலையில் ஓர் இடம் கிடைப்பது இதனால்தான். ஆனால் 14ஆம் தேதியே வைக்காதீர்கள். அரசு விடுமுறை, உள்ளூர்க்காரர்கள் முதல் நாளே பஸ் ஏறிவிடுவார்கள்.

சமத்துவப் பொங்கலையும் தாராளமாக வையுங்கள். ஆனால் "வேட்டி கட்டாயம், சேலை கட்டாயம்" என்று சுற்றறிக்கை மட்டும் அனுப்பாதீர்கள். அன்று ஒரு நாளுக்காகக் கடன் வாங்கிச் சேலை எடுத்த பெண்ணை எனக்குத் தெரியும்.

மெஸ்ஸில் தினமும் ஏதாவது ஒரு தகராறு. எப்படித் தீர்ப்பது?

முதலில் பில்லைப் பாருங்கள். நம் விடுதிகளில் பெரும்பாலும் டிவைடிங் சிஸ்டம்தான். மாதச் செலவு மொத்தத்தையும் கூட்டி, தலைக்கு இவ்வளவு என்று வகுத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமைக் கோழிக்குச் சாம்பார் சாப்பிட்டவனும் காசு கட்டுகிறான். பன்னீர் போட்ட நாளில், அது பிடிக்காதவனும் கட்டுகிறான். மதச் சண்டை, மாநிலச் சண்டை என்று என்னிடம் வந்த பஞ்சாயத்துகளில் பாதி இந்தக் கணக்கில் வந்து நின்றவை. கோழி, முட்டை, பன்னீர் மூன்றையும் பொதுக் கணக்கிலிருந்து எடுத்துத் தனி டோக்கன் ஆக்கினோம். முணுமுணுப்பு நன்றாகவே குறைந்தது.

அடுத்தது சைவம், அசைவம். சைவ மாணவர் தனிப் பாத்திரம், தனிக் கரண்டி கேட்டால் அது நியாயம், செய்து கொடுங்கள். தனி மேசை, தனி வாசல் என்று நீண்டால் நிறுத்துங்கள். 2018 டிசம்பரில் சென்னை ஐஐடியின் உணவுக்கூடம் ஒன்றில் சைவத்துக்கும் அசைவத்துக்கும் தனித்தனி வாசல், தனித்தனிக் கைகழுவும் இடம் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மாணவர்கள் எதிர்த்த பிறகு அகற்றினார்கள். கரண்டியைப் பிரிப்பது சாப்பாட்டைப் பற்றியது. கை கழுவும் இடத்தைப் பிரித்தால், சாப்பிடுகிற ஆளைப் பற்றி ஏதோ சொல்கிறோம். தீட்டு என்ற சொல்லைப் பயன்படுத்தாமலே அதைச் செய்துவிடலாம் என்பதை நம் ஊரில் யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

அப்புறம் வாசனை. நாகாலாந்துப் பிள்ளைகள் சோயாவைப் புளிக்கவைத்து அகுனி என்று ஒன்று செய்வார்கள். பக்கத்து அறைக்காரன் மூக்கைப் பொத்திக்கொண்டு என்னிடம் ஓடி வந்தான். அவன் ராமநாதபுரத்துக்காரன். "உங்கம்மா கருவாட்டுக் குழம்பு வைக்கிற அன்னிக்கு உங்க தெருவே ஓடிடுமா?" என்று கேட்டேன். சிரித்துவிட்டான். ஆனாலும் அறைக்குள் சமைப்பது ஆபத்துதான். அதனால் விடுதிக்குப் பின்னால் ஓர் ஓடு போட்ட இடத்தில் பொது அடுப்பு வைத்து, ஞாயிறு மதியம் யார் வேண்டுமானாலும் சமைக்கலாம் என்று விட்டோம். ராமநாதபுரத்துக்காரனும் அங்கேதான் கருவாடு சுட்டான்.

வடக்கிலிருந்து வருகிற எல்லாருக்கும் சப்பாத்தி என்று நாமாகவே முடிவு கட்டிவிடுகிறோம். வங்கம், ஒடிசா, அசாம், மணிப்பூர் எல்லாம் சோறு தின்கிற ஊர்கள். அவர்களுக்குக் கஷ்டமாக இருந்தது நம் புளி. மூன்று வேளையும் ஏதோ ஒரு வடிவில் புளி வந்துவிடுகிறது என்று ஒரு வங்காளிப் பையன் சொன்ன பிறகுதான் நானே கவனித்தேன். வாரத்தில் இரண்டு நாள் புளியில்லாத பருப்பு என்று மாற்றினோம். செலவு ஒரு பைசா கூடவில்லை.

மாட்டுக்கறி? எங்கள் மெஸ்ஸில் சமைக்கவில்லை. வெளியே சாப்பிட்டு வருகிறவரை யாரும் கேள்வி கேட்கக் கூடாது என்று எழுதிப் போட்டேன். அது பாதித் தீர்வுதான் என்று எனக்கே தெரியும்.

பண்டிகையும் தேர்வும் ஒன்றாக வந்தால்?

ரமலான் ஆண்டுதோறும் சுமார் 11 நாள் முன்னால் நகரும். அடுத்த ஆண்டு எந்த மாதத்தில் வரும் என்பது இன்றைக்கே தெரிந்த விஷயம். தேர்வு அட்டவணை போடுகிறவர் நாட்காட்டியை ஒரு முறை புரட்டினால் போதும். பெருநாள் எந்த நாள் என்பதைப் பிறை பார்த்துத் தலைமை காஜி முதல் நாள் இரவில்தான் அறிவிப்பார். ஆகவே வரக்கூடிய இரண்டு நாளிலும் இன்டர்னல் தேர்வு வைக்காதீர்கள். நோன்பு தொடங்குமுன் விடியலில் சாப்பிடும் சஹர் சாப்பாட்டுக்காகச் சமையல்காரரை மூன்று மணிக்கு எழுப்ப வேண்டாம். இரவே சமைத்து ஹாட்பாக்ஸில் வைத்தோம், அதுவே போதுமானதாக இருந்தது. நோன்புக் கஞ்சி பக்கத்துப் பள்ளிவாசலில் கிடைக்கும். தூக்குவாளியோடு போன வரிசையில் நோன்பு பிடிக்காதவர்கள்தான் கூட்டமாக இருந்தார்கள்!

கிறிஸ்துமஸ் விஷயம் யாருக்கும் சட்டென்று தோன்றுவதில்லை. நாகாலாந்திலும் மிசோரத்திலும் பெரும்பான்மையினர் கிறிஸ்தவர்கள். நாம் செமஸ்டர் தேர்வை டிசம்பர் 22 வரை இழுத்தால் அவர்கள் வீடு போய்ச் சேர முடியாது. கன்னியாகுமரியிலிருந்து திமாப்பூர் வழியாகத் திப்ருகருக்குப் போகும் விவேக் எக்ஸ்பிரஸ் நாட்டிலேயே மிக நீண்ட தூரம் ஓடும் ரயில், 4,000 கிலோமீட்டருக்கு மேல். திமாப்பூரில் இறங்கவே ஏறக்குறைய மூன்று நாள் ஆகிவிடும். டிக்கெட் வேறு இரண்டு மாதம் முன்னாலேயே எடுக்க வேண்டும். எனவே அட்டவணையை ஆகஸ்டிலேயே வெளியிடச் சொல்லி நச்சரியுங்கள். எனக்கு ஓர் ஆண்டு வெற்றி, மறு ஆண்டு தோல்வி.

அறை ஒதுக்கும்போது ஒரே ஊர்க்காரர்களைச் சேர்த்துப் போடலாமா? அவர்களே அப்படித்தான் கேட்கிறார்கள்.

முதலாண்டுக்குக் குலுக்கல். இரண்டாம் ஆண்டிலிருந்து அவரவர் விருப்பம். விருப்பம் என்ற பெயரில் ஒரு மாடி முழுக்க ஒரே சாதி, ஒரே மாநிலம் என்று ஆகிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். டெல்லி எய்ம்ஸில் தலித், பழங்குடி மாணவர்கள் தொல்லை தாங்காமல் விடுதியின் சில பகுதிகளுக்கே ஒதுங்கிப் போனதை 2007இல் அரசு அமைத்த சுகதேவ் தோரட் குழு எழுதிவைத்தது. வெளியிலிருந்து பார்த்தால் அதுவும் "அவர்களே கேட்டு வாங்கிய அறை" மாதிரிதான் தெரிந்திருக்கும். மாற்றிக் கேட்கிறவரைத் தனியாகக் கூப்பிட்டுக் காரணம் கேளுங்கள். மூன்றாவது முறை கேட்கும்போதுதான் உண்மையான காரணம் வெளியே வரும்.

உதவித்தொகைக்காகச் சாதியைக் கேட்டுத்தானே ஆக வேண்டும்?

அலுவலகத்தில் கேட்கலாம், வகுப்பில் கூடாது. "எஸ்சி, எஸ்டி ஸ்காலர்ஷிப் இருக்கிறவங்க எழுந்து நில்லுங்க" என்று சொல்கிற ஆசிரியர் இன்றைக்கும் இருக்கிறார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் இல்லை, வேலை சீக்கிரம் முடியட்டும் என்றுதான். பல்கலைக்கழக மானியக் குழுவான யுஜிசியின் 2012ஆம் ஆண்டுச் சமவாய்ப்பு விதிகள் இதைப் பாகுபாடு என்றே பட்டியலிடுகின்றன. வகுப்பில் சாதி, மதப் பெயரை அறிவிப்பது, "கோட்டா" என்று முத்திரை குத்துவது, விடுதியிலோ மெஸ்ஸிலோ வாசிப்பறையிலோ பிரித்து உட்காரவைப்பது எல்லாம் அதில் வரும். பதிவு எண்ணை மட்டும் போட்டுக் குறுஞ்செய்தி அனுப்பினால் அதே வேலை முடிந்துவிடும்.

சாதியைக் காட்டக் கையில் கட்டும் வண்ணக் கயிறுகளையும் சொல்ல வேண்டும். வேறு மாநிலத்து ஆசிரியர் ஒருவர் அதை நட்புக் கயிறு என்று நினைத்து, தானும் ஒன்று வாங்கிக் கட்டிக்கொண்டு வகுப்புக்கு வந்துவிட்டார்! நாங்குநேரியில் ஒரு தலித் மாணவரைச் சக மாணவர்கள் வீடு புகுந்து வெட்டிய சம்பவத்துக்குப் பிறகு, மாணவரிடையே சாதி உணர்வைத் தடுப்பது பற்றி ஆராய அரசு அமைத்த நீதிபதி சந்துரு குழு, 2024இல் தந்த அறிக்கையில் இந்தக் கயிறுகளையும் மோதிரங்களையும் தடை செய்யச் சொன்னது. அது பள்ளிகளைப் பற்றி. ஆனால் அதே பிள்ளைதான் மறு ஆண்டு நம் கல்லூரி வாசலில் வந்து நிற்கிறான். வலுக்கட்டாயமாக அறுத்துவிட்டால் மணிக்கட்டிலிருந்து கைபேசியின் முகப்புப் படத்துக்குப் போய்விடும். நான் அறுத்ததில்லை. கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசியிருக்கிறேன். சிலர் கழற்றினார்கள், சிலர் முழுக்கைச் சட்டை போட ஆரம்பித்தார்கள்.

மாற்றுத்திறனாளி மாணவருக்கு என்னென்ன செய்ய வேண்டும்?

2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி அரசு, அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் குறைந்தது 5 சதவீத இடம் அவர்களுக்கு உண்டு. சட்டம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. சக்கர நாற்காலியும் கறுப்புக் கண்ணாடியும் மட்டும் அல்ல, கற்றல் குறைபாடு, ஆட்டிசம், தலசீமியா, பார்கின்சன் எல்லாம் அதில் உண்டு. தேர்வில் மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரம், எழுதுவதற்குத் துணையாள். துணையாளைத் தேடும் வேலையை மாணவர் தலையில் கட்டாதீர்கள். தேர்வுக்கு முதல் நாள் இரவு பத்து மணிக்கு ஜூனியர்களிடம் கெஞ்சிக்கொண்டிருந்த பார்வையற்ற மாணவரை நான் பார்த்திருக்கிறேன். அவர் படிக்க வேண்டிய நேரம் அது.

சாய்தளம் வகுப்பறைக்கு வந்துவிட்டது, மேடைக்கு வரவில்லை. உங்கள் கலையரங்கில் போய்ப் பாருங்கள். பரிசு வாங்க வருகிறவரை நாலு பேர் நாற்காலியோடு தூக்குவார்கள், கூட்டம் கைதட்டும். அந்தக் கைதட்டல் அவருக்கு எவ்வளவு சங்கடம் என்று ஒருவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அதன் பிறகு பரிசளிப்பை மேடைக்குக் கீழே, தரையில் வைத்தோம். துணைவேந்தரும் இறங்கி வந்தார்.

திருநர் மாணவர் ஒருவர் சேர்ந்திருக்கிறார். எந்த விடுதியில் இடம் தருவது?

அவரையே கேளுங்கள். உண்மையிலேயே இதுதான் முதல் பதில். தமிழ்நாடு 2008இலேயே திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்த மாநிலம். 2014இல் உச்ச நீதிமன்றம் தம் பாலினத்தைத் தாமே தீர்மானிக்கும் உரிமையை ஏற்றது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் கல்வி நிறுவனத்தில் பாகுபாடு கூடாது என்கிறது. சட்டத்துக்குக் குறைவில்லை. தடுக்கி விழுவது சின்ன இடங்களில்தான். விண்ணப்பத்தில் மூன்றாவது கட்டம் இருக்கும், வருகைப் பதிவேட்டில் பழைய பெயர் இருக்கும். தினம் காலை முதல் மணியில் அந்தப் பெயரை உரக்கக் கூப்பிடுவார்கள். சான்றிதழ் மாறும்வரை காத்திருக்காமல் வருகைப் பதிவேட்டில் மட்டும் அவர் சொல்லும் பெயரை எழுத, துறைத் தலைவரின் கையெழுத்தே போதும். என்ன சொல்லி அழைப்பது என்று குழம்பினால், 2022இல் தமிழ்நாடு அரசு அரசிதழில் வெளியிட்ட சொற்பட்டியல் இருக்கிறது. உயர் நீதிமன்ற வழக்கு ஒன்றைத் தொடர்ந்து வந்தது அது.

எல்லாரும் தமிழ் பேசுகிற இடத்தில் மற்றவர்கள் ஒதுங்கிப்போகிறார்கள். ஆங்கிலத்திலேயே பேசச் சொல்லலாமா?

சொன்னால் இன்னொரு பக்கம் அடிபடும். தமிழ் வழியில் படித்து, வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பையனும் அதே வகுப்பில்தான் உட்கார்ந்திருக்கிறான். மணிப்பூர் மாணவிக்கு ஆசிரியரின் தமிழ் நகைச்சுவை புரியாது, தேனிப் பையனுக்கு அவரது ஆங்கில வேகம் புரியாது. இருவரும் ஒரே நேரத்தில் அசட்டுச் சிரிப்புச் சிரிப்பதைப் பின்வரிசையிலிருந்து பார்த்திருக்கிறேன். நான் செய்தது இவ்வளவுதான்: அறிவிப்புகள் இரண்டு மொழியிலும், விடுதி வாட்ஸ்அப் குழுவில் முக்கியமான செய்திகள் இரண்டு மொழியிலும். மாலையில் பேச்சுத் தமிழ் வகுப்பு ஒன்று, சீனியர்கள் நடத்தியது. "கொஞ்சம் தள்ளுங்க", "சில்லறை இல்ல", "அண்ணா, இந்த பஸ் போகுமா?" இதிலிருந்துதான் ஆரம்பம்.

ஒரு வேடிக்கை. வங்காளிப் பையன் ஒருவன் காவலாளியை மரியாதையாகத் "தாதா" என்று கூப்பிட்டிருக்கிறான். அவன் மொழியில் அண்ணன். நம் ஊரில் அது ரவுடி. "என்னைப் பார்த்தா தாதா மாதிரியா சார் இருக்கு?" என்று காவலாளி கோபமாக வந்தார். விளக்கிய பிறகு அவருக்கே அந்தப் பெயர் பிடித்துவிட்டது, விடுதி முழுக்க அவர் தாதாதான்.

கேலி செய்வது எப்போது ராகிங் ஆகிறது?

1996இல் சிதம்பரத்தில் முதலாண்டு மருத்துவ மாணவர் ஒருவர் கொல்லப்பட்ட பின் 1997இல் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம் கொண்டுவந்தது. யுஜிசி விதிகள் 2009இல் வந்தன. 2016இல் அவற்றில் சேர்த்த திருத்தத்தைப் பலர் படித்திருக்க மாட்டார்கள். நிறம், இனம், மதம், சாதி, பாலினம், பாலின ஈர்ப்பு, தோற்றம், தேசம், பிறந்த பகுதி, மொழி, பொருளாதார நிலை இவற்றை வைத்து உடலையோ மனத்தையோ நோகடித்தால் அதுவும் ராகிங். ஆக, கண்களின் அமைப்பை வைத்து "சைனீஸ்" என்பது, நிறத்தை வைத்துப் பட்டப்பெயர் வைப்பது எல்லாம் இதற்குள் வந்துவிடும். 2014இல் டெல்லியில் தன் தோற்றத்தைக் கேலி செய்தவர்களோடு ஏற்பட்ட தகராறில் அடிபட்டு அருணாசலப் பிரதேச மாணவர் நிடோ தானியா இறந்தார். அதன் பிறகுதான் வடகிழக்கு மக்களின் குறைகளை ஆராய மத்திய அரசு பெஸ்பருவா குழுவை அமைத்தது. அந்தத் தகராறும் ஒரு கேலியில்தான் ஆரம்பித்தது.

உதவி எண் 1800-180-5522, கட்டணம் கிடையாது. அறைக் கதவின் உட்பக்கம் ஒட்டுங்கள். வராந்தாவில் ஒட்டினால் அதை நின்று படிக்கவே பயப்படுவார்கள்.

ஒத்திகைக்குப் பெண்கள் வரமுடியவில்லை, விடுதிக் கதவு ஆறரைக்கு மூடிவிடுகிறது.

ஆண்கள் விடுதி எத்தனை மணிக்கு மூடுகிறது? பாலியல் தொல்லையைத் தடுக்க யுஜிசி கொண்டுவந்த 2015 விதிகளில் ஒரு வரி இருக்கிறது: பாதுகாப்பைக் காரணம் காட்டி, ஆண்களுக்கு இல்லாத பாகுபாடான விதிகளைப் பெண்கள் விடுதியில் திணிக்கக் கூடாது. அதை அச்செடுத்துக்கொண்டு போய்ப் பேசுங்கள். உடனே கதவு திறந்துவிடும் என்று சொல்லமாட்டேன். எங்களுக்கு எட்டரை வரைக்கும்தான் கிடைத்தது.

வெளிநாட்டு மாணவருக்கு என்ன தேவை?

வந்த முதல் வாரத்தில் கூடப்போக ஓர் ஆள். 180 நாளுக்கு மேற்பட்ட மாணவர் விசாவில் வருகிறவர் 14 நாளுக்குள் வெளிநாட்டினர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். வங்கிக் கணக்கு, சிம் கார்டு, வீட்டு வாடகை ஒப்பந்தம் எல்லாம் ஒன்றை ஒன்று கேட்கும். ஆப்பிரிக்க மாணவருக்கு வீடு கிடைப்பது தனிப் பாடு. தொலைபேசியில் "இருக்கு, வாங்க" என்ற வீட்டுக்காரர் நேரில் பார்த்ததும் "நேத்தே வேற ஆளுக்குக் குடுத்தாச்சு" என்பார். ஆசிரியர் ஒருவர் கூடப் போனால் கொஞ்சம் வித்தியாசம் தெரியும்.

வெளிநாட்டவர் என்று சொல்லவும் முடியாத, உள்நாட்டவர் என்று ஏற்கவும் படாத ஒரு கூட்டமும் நம் வளாகங்களில் உண்டு. இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம்களிலிருந்து வரும் பிள்ளைகள். பெயரில் இருந்த "அகதி"யை 2021இல் அரசு நீக்கியது. அவர்களில் பலர் இங்கேயே பிறந்தவர்கள், நம்மைப் போலவே தமிழ் பேசுகிறவர்கள். தேசியம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று ஒரு பெண் என்னிடம் கேட்டாள். நான் சொன்ன பதில் சரியானதுதான், ஆனால் அதை எழுதும்போது அவள் முகம் போன போக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது.

புகார் யாரிடம் தருவது?

பாகுபாடு என்றால் 2012 விதிகளின்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் பாகுபாடு தடுப்பு அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும். 60 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும். பாலியல் தொல்லை என்றால் உள் புகார்க் குழு. எழுத்தில் கொடுங்கள், தேதியோடு நகல் வாங்கிக்கொள்ளுங்கள். "சாரிடம் வாய்மொழியாகச் சொன்னேன்" என்பது எங்கும் பதிவாகாது. நான் அந்தச் சாராக இருந்தவன், எனக்குத் தெரியும்.

எங்கள் பிள்ளை தன் பழக்கவழக்கத்தை மறந்துவிடுவானோ என்று பயமாக இருக்கிறது. (ஒரு தாய் கேட்டது)

அம்மா, உங்கள் மகன் ஊரில் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போனானா என்று எனக்குத் தெரியாது. இங்கே போகிறான். கூட ஒரு மிசோப் பையனும் போகிறான், சுண்டலுக்காக.

எங்கள் கல்லூரியில் ஆளும் இல்லை, பணமும் இல்லை. ஒரே ஒரு காரியம் செய்யலாம் என்றால் எது?

பொங்கல் விடுமுறையில் மெஸ்ஸைத் திறந்து வையுங்கள். சமத்துவப் பொங்கல் வைத்துப் படம் எடுத்துப் போட்ட மறுநாள், மெஸ்ஸுக்குப் பூட்டு விழும். பக்கத்துக் கடைகளும் அடைத்திருக்கும். மூன்று நாள் லீவில் மிசோரத்துக்கும் காஷ்மீருக்கும் யார் போய் வர முடியும்? எங்கள் விடுதியில் அப்படித் தங்கியவர்கள் பிஸ்கட்டும் நூடுல்ஸுமாக நாளை ஓட்டியிருக்கிறார்கள். எனக்கு அது தெரிய மூன்றாவது ஆண்டு ஆனது. ஏனென்றால் நானும் ஊருக்குப் போய்விடுவேன்.

ஒரு வாரம் முன்னால் யார் யார் தங்குகிறார்கள் என்று பட்டியல் எடுங்கள். முதல் தடவை எங்களுக்கு 23 பேர் வந்தது. சமையல்காரருக்கும் பொங்கல் உண்டு, அவரை நிறுத்திவைக்க மனம் வரவில்லை. மெஸ்ஸில் பாத்திரம் தேய்க்கவும் சப்பாத்தி போடவும் ஒடிசாவிலிருந்து வந்த இரண்டு பேர் இருந்தார்கள். அவர்களுக்கும் மூன்று நாளில் ஊர் போய் வர வழியில்லை. இரட்டைச் சம்பளம் பேசி, கேஸும் அரிசியும் எடுத்துவைத்துவிட்டுப் போனேன். பொங்கலன்று காலை கைபேசியில் ஒரு படம் வந்தது. பானை பொங்கி வழிந்திருந்தது, அடுப்பு அணைந்து கிடந்தது. கீழே ஒரு கேள்வி: "சார், இனிமே சர்க்கரை போடணுமா, வெல்லமா?"